யாருடைய கணக்கு? – பதிவேடும் தேசிய அடையாளமும் பற்றிய ஒரு நோக்கு

2010ஆம் ஆண்டு யூலை மாதம் 22ஆம் திகதி, காலி மைதானத்தில் இந்திய வீரர் பிரக்யான் ஓஜா கொடுத்த பிடியை மஹேல ஜயவர்தன பற்றிக்கொண்டபோது முத்தையா முரளிதரனின் டெஸ்ட் விக்கெட்டுகளின் தொகை 800ஐ எட்டியது. அன்று தொட்டு அவ்வெண் இந்நாட்டின் பொதுச் சொத்தாகிவிட்டது எனலாம். இலங்கையர் ஒருவர் இலங்கைக்காகப் பெற்ற 800 விக்கெட்டுகள் என்றே நாம் அதனைச் சொல்லி வருகின்றோம். ஆயின் பதிவேட்டைத் திறந்து நோக்குவோருக்கு ஒரு சிறு வியப்புக் காத்திருக்கின்றது. இலங்கைக்காக அவர் பெற்றவை 795 மட்டுமே. எஞ்சிய ஐந்தும் வேறோர் அணிக்காகப் பெறப்பட்டவை. அவ்வணிக்கோ நாடு என்று ஒன்று இல்லை.

அந்த ஐந்தும் யாருடையவை என்ற வினா முதற்பார்வையில் வேலையற்றோரின் வினாவாகவே தோன்றும். எனினும் அதனுள் வேறு இரண்டு வினாக்கள் மறைந்து கிடக்கின்றன. ஒரு செயல் அதனைச் செய்தவனுக்கு உரியதா, அன்றி அவனைத் தன்னவன் என்று எழுதிவைத்துக்கொண்ட தேசத்துக்கு உரியதா? அவ்வாறு எழுதிக்கொள்வதற்குத் தேசம் எதனை ஆதாரமாகக் கேட்கின்றது? ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இன்று கலைப்பீட மாணவனாய் இருக்கும் எனக்கு இவை விளையாட்டு வினாக்களாக மட்டும் தோன்றவில்லை. எங்கள் மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றிற் பெரும்பகுதி, யாரோ ஒருவர் வைத்திருந்த பதிவேட்டில் எங்கள் பெயர் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது என்பதன் வரலாறாகவே இருந்திருக்கின்றது.

முதலில் அந்த ஐந்து விக்கெட்டுகளையே நோக்குவோம். 2005ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் சிட்னி மைதானத்தில் அவுஸ்திரேலிய அணிக்கும், பல நாட்டு வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட உலக அணிக்கும் இடையே ஒரு போட்டி நடைபெற்றது. அவுஸ்திரேலியா 210 ஓட்டங்களால் வென்றது. உலக அணியில் ஆடிய முரளிதரன் ஐந்து விக்கெட்டுகளைப் பெற்றார். சர்வதேச கிரிக்கெட் சபை இதனை உத்தியோகபூர்வ டெஸ்ட் போட்டியெனக் கணித்தது. ஆனால் பிரித்தானிய வானொலியில் நெடுங்காலம் ஓட்டக் கணக்கு எழுதிவந்த பில் பிரின்டல் இதனை ஏற்க மறுத்தார். டெஸ்ட் போட்டி என்பது இரு நாடுகளுக்கிடையே நடைபெறுவது. ஒரு பக்கத்தில் நாடே இல்லாதபோது அது எங்ஙனம் டெஸ்ட் ஆகும் என்பது அவரது வாதம். அவ்வாதத்தை ஏற்பின் முரளிதரனின் தொகை 795 ஆகக் குறையும். எதிர்ப்பக்கத்தில் ஆறு விக்கெட்டுகளைப் பெற்ற ஷேன் வோர்னின் 708 என்ற தொகையும் 702 ஆகிவிடும்.

பந்து வீசப்பட்டது உண்மை. மட்டையாளர் ஆட்டமிழந்து வெளியேறியதும் உண்மை. இவற்றை எந்தப் பதிவாளராலும் மாற்றவியலாது. மாற்றக்கூடியது அந்நிகழ்ச்சி எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்படுகின்றது என்பது ஒன்றே. செயல் ஒருமுறை நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது; உரிமையோ பதிவேட்டில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

வேல்ஸின் கிளமோர்கன் பிராந்திய அணிக்கு ஆடிய அலன் ஜோன்ஸ் என்பவரின் கதை இதனினும் துயரமானது. 1970இல் நிறவெறிக் கொள்கைக்கு எதிரான கிளர்ச்சியினால் தென்னாபிரிக்க அணியின் இங்கிலாந்துப் பயணம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக இங்கிலாந்துக்கும் உலக அணிக்கும் இடையே ஐந்து போட்டிகள் நடத்தப்பட்டன. லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்த முதற் போட்டியில் ஜோன்ஸ் இங்கிலாந்துக்காக ஆடினார். பெற்றது இரு இன்னிங்ஸ்களிலும் சேர்த்து ஐந்தே ஓட்டங்கள். பின்னர் அவர் மீண்டும் தெரிவு செய்யப்படவில்லை. அத்தொடர் டெஸ்ட் தொடர் அன்று என்று பிற்காலத்தில் முடிவாயிற்று. அம்முடிவோடு ஜோன்ஸ் இங்கிலாந்துக்காக ஆடியதே இல்லை என்றாகிவிட்டது. மைதானத்தில் நின்ற மனிதர் பதிவேட்டில் இல்லாமற் போனார். 2020இல், அதாவது ஐம்பது ஆண்டுகள் கழித்து, அவருக்கு 696ஆம் இலக்க வீரர் என்ற தகைமை வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 81.

இச்செய்தியை முதன்முதல் வாசித்தபோது என் நினைவிற்கு வந்தது கிரிக்கெட் அன்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலே வந்தது. அத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவ்வெழுவருள் அடங்குவர். தோட்டத் தொழிலாளர் வரிசையில் நின்று வாக்களித்தனர் என்பது மைதானத்தில் நிகழ்ந்த நிகழ்ச்சி போன்றது. மறு ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வாக்காளருட் பெரும்பாலோர் இடாப்பில் இல்லை. கொடுத்த தொப்பியைத் திரும்பப் பெற்றது போலக் கொடுத்த வாக்கும் பறிக்கப்பட்டது. ஜோன்ஸ் ஒரு தனிமனிதர்; அவருக்கு ஐம்பது ஆண்டுகள் சென்றன. இங்கே இலட்சக்கணக்கானோர்; இறுதிச் சட்டம் 2003இல் வருவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. காத்திருந்தோருட் பலர் அதற்குள் தேயிலைச் செடிகளுக்கு உரமாகிவிட்டனர்.

உரிமை என்பது பதிவேட்டில் மீண்டும் மீண்டும் நிகழ்வது என்றேன். அதற்கு எந்த அளவுகோல் பயன்படுத்தப்படுகின்றது என்பதை நோக்குமிடத்து, நம் நாட்டவர் பெரும்பாலும் கண்டிராத ஒரு விளையாட்டு நல்ல உதாரணங்களைத் தருகின்றது. பனிக்கட்டித் தரையில் ஆடப்படும் ஹொக்கியே அது. (நுவரெலியாவில் தைமாதக் காலைகளில் புல்லின்மேற் படியும் உறைபனியே எங்களுக்குத் தெரிந்த பனிக்கட்டி!) வட அமெரிக்கத் தொழின்முறை ஹொக்கியின் பதிவேடுகளில் வீரர்களை நாடுவாரியாக வரிசைப்படுத்தும் பட்டியல்கள் உண்டு. ஸ்ரான் மிகிட்டா 1940இல் ஸ்லோவாக்கியக் கிராமமொன்றிற் பிறந்து, எட்டு வயதிற் கனடாவிலிருந்த உறவினரிடம் அனுப்பப்பட்டு, அங்கேயே ஆட்டத்தைக் கற்றவர். 1972இல் சோவியத் அணிக்கு எதிராகக் கனடாவுக்காகவே களமிறங்கியவர். எனினும் பிறப்பிடத்தை அளவுகோலாகக் கொள்ளும் பட்டியலில் அவர் ஸ்லோவாக்கியர். அவர் பிறந்த ஊரோ பிற்காலத்தில் ஒரு நீர்த்தேக்கத்தினுள் மூழ்கிவிட்டது, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தினுள் எங்கள் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது போல. பிரெட் ஹல் கனடாவிற் பிறந்தவர்; தாய் அமெரிக்கர்; அமெரிக்க அணிக்கு ஆடியமையால் அவரது 741 கோல்களும் அமெரிக்கக் கணக்கிற் சேர்கின்றன. பீற்றர் ஸ்ராஸ்னி செக்கோஸ்லோவாக்கியாவுக்கும், 1980இல் அங்கிருந்து வெளியேறிய பின் கனடாவுக்கும், 1994இல் புதிதாய்ப் பிறந்த ஸ்லோவாக்கியாவுக்கும் ஆடியவர். ஒரே உடம்பு, மூன்று கொடிகள்.

பிறந்த மண், பெற்றோர் வழி, ஆடிய அணி என்னும் இம்மூன்று அளவுகோல்களுள் எது சரியானது என்று வாதிடுவது விளையாட்டு இரசிகர்களுக்குப் பொழுதுபோக்கு. பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டாலும் ஹல்லின் இரவு உணவு குறையப்போவதில்லை. மலையகத்தில் இதே மூன்று அளவுகோல்களும் இருந்தன. ஆனால் அவை மனிதருக்கு எதிராகவே பயன்பட்டன. பிறந்த மண்ணை ஆதாரமாகக் காட்டியவரிடம் தந்தை பிறந்த மண் கேட்கப்பட்டது. இங்கு பிறவாதவரிடம் தந்தையோடு பாட்டனாரின் பிறப்பும் கேட்கப்பட்டது. பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத காலத்திற் பிறந்த பாட்டனாருக்குப் பேரன் எங்கே சான்றிதழ் தேடுவான்? 1949ஆம் ஆண்டு இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம் தொடர்ச்சியான வதிவை நிரூபிக்கும்படி கேட்டது. ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது; பிரஜாவுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

ஆடிய அணி என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டாலோ, காடழித்து இந்நாட்டின் ஏற்றுமதி வருவாய்க்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஓட்டங்களைச் சேர்த்தவர்கள் எந்த அணிக்கு ஆடினார்கள் என்ற வினா எழும். அதனை எவரும் கேட்கவில்லை. 1964 ஒக்ரோபர் 30இல் கொழும்பும் டெல்லியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 மனிதரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாய் 75,000, 75,000 எனப் பங்கிட்டுக்கொண்டனர். ஐந்து விக்கெட்டுகளை எந்தப் பத்தியில் இடுவது என்று தயங்கிய கணக்காளரிடம் இருந்த கூச்சங்கூட இங்கே காணப்படவில்லை. தலைமன்னாரிற் கப்பலேறி நீலகிரிக்குச் சென்றவர்கள் அங்கே 'சிலோன்காரர்' ஆயினர். இங்கே நின்றவர்கள் 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு வகுத்த தலைப்பின்படி 'இந்தியத் தமிழர்' ஆகவே எழுதப்பட்டு வந்தனர்.

தோட்டத்து மக்கள் பதிவேடே இல்லாத மக்களோ எனின், அன்று. இலங்கையில் எங்களைப்போல் நாள்தோறும் எழுதப்பட்ட சமூகம் பிறிதொன்று இருந்திருக்குமா என்பது ஐயமே. கங்காணியின் கடனுக்கு ஈடாக ஒருவனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய 'துண்டு' ஒரு பதிவு. அது 1921இல் ஒழிக்கப்பட்டது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு எழுதும் செக்ரோல் இன்னொரு பதிவு. கொழுந்து மடுவத்தில் தராசின் அருகே நின்று கணக்கப்பிள்ளை எழுதும் நிறை மற்றொன்று. இன்றும் ஒரு நாள் வேலையை எங்கள் பேச்சில் 'ஒரு பேர்' என்றே சொல்வோம். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்டால், எத்தனை நாள் சம்பளம் என்பது பொருள். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அன்று 'அரைப்பேர்'.

இச்சொல்லைச் சிறுவயதில் எத்தனையோ முறை கேட்டிருந்தும், பல்கலைக்கழகத்திற்கு வந்து மெய்யியல் விரிவுரையொன்றில் இருந்தபோதுதான் அதன் முழுக் கொடுமையும் என்னைத் தாக்கியது. மலைச்சரிவில் அட்டைக்கடியோடும் மழையோடும் எட்டு மணிநேரம் நின்ற ஒரு முழு மனுஷி, மாலையில் தராசின் முன் அரைப் பெயராகின்றாள். கிரிக்கெட்டில் அரை விக்கெட் என்று ஒன்று இல்லை. பழந்தமிழர் நடுகல் நாட்டியபோது வீழ்ந்தவனின் பெயரையும் அவன் செய்த செயலையும் ஒன்றாகவே பொறித்தனர். பெயர் செயலுக்கு உரியவனைக் காட்டியது. செக்ரோலிலோ பெயரே கூலியின் அளவாகிவிட்டது. இத்தனை துல்லியமாக எழுதப்பட்ட கொழுந்தின் நிறை நூறு ஆண்டுகளாகத் தோட்ட அலுவலகத்தில் இருந்தது. அதே கைகள் இந்நாட்டில் வதிந்தன என்பதற்கு ஆதாரம் கேட்டபோது பலருக்கு ஒரு தாளும் கிடைக்கவில்லை. உழைப்பை நினைவில் வைத்த பதிவேடு உழைத்தவரை நினைவில் வைக்கவில்லை.

பிரெஞ்சு அறிஞர் ஏர்னஸ்ட் ரெனான் 1882இல் பாரிஸில் ஆற்றிய உரையொன்றில், தேசம் என்பது இனத்தாலோ மொழியாலோ ஆவதன்று, சேர்ந்து வாழும் விருப்பத்தால் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது என்றார். தேசம் உருவாக மறதியும் வேண்டும் என்பது அவரது இன்னொரு கூற்று. முதற் கருத்தை மேற்கோள் காட்டுவோர் இரண்டாவதை எளிதில் விட்டுவிடுகின்றனர். என் கருத்தில் மலையகத்தைப் பொறுத்தவரை இரண்டாவதே கூடுதலாகச் செயற்பட்டிருக்கின்றது. ஆயினும் ரெனானிடம் ஒன்று கேட்கத் தோன்றுகின்றது. சேர்ந்து வாழும் விருப்பத்தை நாள்தோறும் காலைப் பெரட்டில் வந்து நின்று தெரிவித்தவர்களை, மறுபக்கம் விரும்பவில்லை என்றால் என்ன செய்வது?

இங்கே முரளிதரனிடம் மீளவேண்டியுள்ளது. அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக வந்தவர். பின்னர் தாயகம் திரும்பிவிட்டார். தந்தையார் இங்கேயே தங்கிக் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவர். முரளிதரன் லயத்திற் பிறந்தவர் அல்லர். தோட்டத்து இளைஞரிடையே அவரை 'எங்கள் ஆள்' என்று கொண்டாடும்போது இதனை நாம் மறந்துவிடுகின்றோம். பதிவேட்டைத் திருத்தி எழுதும் ஆசை அரசாங்கங்களுக்கு மட்டும் உரியதன்று போலும். மறுபக்கத்தில், அவரது வாழ்க்கையைக் கூறும் '800' என்ற திரைப்படத்தில் நடிக்கவிருந்த விஜய் சேதுபதி, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பினால் 2020இல் விலகிக்கொண்டார். படம் வேறொரு நடிகருடன் 2023இல் வெளிவந்தது. அவரது அரசியற் கருத்துகள் சிலவற்றோடு எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் ஒருவரின் கருத்தை மறுப்பது வேறு, அவர் தமிழரா அல்லரா என்று தீர்ப்பெழுதுவது வேறு. பின்னையதைச் செய்தவர்கள் கையில் எடுத்தது பழைய வதிவாளர் சட்டத்தின் பேனாவையே.

இதனிலும் நுட்பமான ஒரு தவறு நம் மேடைகளில் அடிக்கடி நிகழ்கின்றது. "எங்களில் ஒருவர் இந்நாட்டுக்கு 800 விக்கெட்டுகளைத் தந்தார், ஆகவே நாங்களும் இந்நாட்டவரே" என்று பேசுகின்றோம். கைதட்டல் கிடைக்கின்றது. நானும் பாடசாலை விவாத மேடையில் இவ்வாறு பேசிப் பரிசு பெற்றவனே. இன்று எண்ணிப் பார்க்கையில் அவ்வாதம் எங்களுக்கே குழி பறிக்கின்றது. உரிமை சாதனைக்குக் கிடைக்கும் பரிசு என்றால், சாதிக்காதவருக்கு உரிமை இல்லை என்பதை நாமே ஒப்புக்கொண்டவராவோம். அது அரைப்பேர்க் கணக்கே அன்றி வேறென்ன? கொழுந்து குறைந்தால் அரைச் சம்பளம். விக்கெட் குறைந்தால் அரைப் பிரஜை! பெரும்பான்மைச் சமூகத்துச் சாதாரண மனிதர் ஒருவரிடம், நீர் எத்தனை விக்கெட் வீழ்த்தினீர் என்று கேட்ட பின்னர் எவரும் அடையாள அட்டை வழங்குவதில்லை.

ஆகவே அந்த ஐந்து விக்கெட்டுகளை முரளிதரனின் கணக்கிலேயே விட்டுவிடலாம் என்பது என் முடிவு. விளையாட்டுப் பதிவேடு செயலைப் பற்றியது. செயல் செய்தவருக்கு உரியது. நாடு அங்கே முகவரி போன்றது. ஒருநாட் போட்டிகளிலும் அவர் பெற்ற 534 விக்கெட்டுகளில் 523 மட்டுமே இலங்கைக்குரியவை என்பதால் எவருக்கும் ஒரு நட்டமும் இல்லை. குடியுரிமைப் பதிவேடோ செயலைப் பற்றியதன்று. ஒருவர் இருக்கின்றார் என்பதற்கு அப்பால் அது எதனையும் கேட்கக்கூடாது. இவ்விரு பதிவேடுகளையும் ஒன்றோடொன்று குழப்பியதே எங்கள் மலைகளில் நிகழ்ந்தது: இருப்பை எழுத வேண்டிய ஏட்டில் தகுதி கேட்கப்பட்டது, செயலை எழுதிய ஏட்டில் செய்தவர் மறைக்கப்பட்டார்.

"ஆதாரமே கேளாது எந்த அரசு நடக்கும்?" என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. ஆதாரம் கேட்கலாம், ஆனால் அதனைத் தாங்கும் சுமை எவர் தோளில் என்பதே பொருள். தோட்டத்திற் பிறப்பு இறப்புகளை அறிவிக்கும் பொறுப்புத் தோட்ட நிருவாகத்திடம் இருந்தது. எழுதாமல் விட்டவர் ஒருவர், தண்டிக்கப்பட்டவர் இன்னொருவர். 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 ஒக்ரோபர் 30 தொட்டு இங்கே நிலையாக வதிந்தோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் ஏற்றுக்கொண்டபோது அச்சுமையைப் பெருமளவு இறக்கிவைத்தது. இறக்கிவைக்க முடியும் என்பது அதனால் தெளிவாயிற்று. 1949இலும் முடிந்திருக்கும்.

முரளிதரனின் பெயரை ஆங்கிலத்தில் 'தரன்' என முடியுமாறும் 'டரன்' என முடியுமாறும் இருவகையாக எழுதுவர். 2007இல் அவுஸ்திரேலிய இலங்கை அணிகளுக்கிடையே நிறுவப்பட்ட வெற்றிக் கிண்ணத்தில் இரண்டாவது வடிவமே இடம்பெற்றது. இரு பெயரும் ஒருவரே என நிரூபிக்கும்படி எந்தப் பதிவாளரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

என் அப்பாயி முப்பத்தாறு ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். பிறப்புப் பதிவில் அவர் பெயர் 'அம்மாள்' என முடிகின்றது. அடையாள அட்டையில் 'ஆயி' என முடிகின்றது. சேமலாப நிதி அட்டையில் எழுதியவரின் அவசரத்தால் இரண்டுமின்றிப் பாதியில் நின்றுவிட்டது. அவருடைய சேமலாப நிதியைப் பெறுவதற்காகச் சென்ற விடுமுறையில் அவரை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். மூன்று பெயரும் ஒருவருடையவை என்பதற்குச் சத்தியக் கடதாசி கொண்டுவருமாறு சொன்னார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "நாந்தானேன்னு நானே சத்தியம் பண்ணணுமா, தம்பி?" என்று அப்பாயி கேட்டார். கடதாசியை எழுதிக் கொடுத்துவிட்டோம். மூன்று பெயருக்குக் கீழும் அவர் பெருவிரலை அழுத்தி ஒரே அடையாளத்தைப் பதித்தார். பணம் இன்னும் வரவில்லை.